படம் போடப் படிக்க எந்தக் கல்லூரி? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கையில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய சார்ட் இருக்கும், இல்லாவிட்டால் துணிக்கடை கவரில் நாலைந்து படம் இருக்கும். "நல்லா வரையுறான் சார், இதுக்குன்னே ஏதோ காலேஜ் இருக்குதாமே?" என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், முகத்திலேயே தெரியும்: இதைப் படித்தால் சோறு கிடைக்குமா? புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் போட்டுத்தான் நான் குடும்பம் நடத்துகிறேன், அதனால் இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன், திருப்பத்தூரிலிருந்து செய்யாறு வரைக்கும் பழைய வடஆற்காட்டுப் பிள்ளைகள் யாருக்காவது நேரத்தில் கிடைத்தால் போதும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "இல்லஸ்ட்ரேஷன் டிகிரி", அதாவது புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் படம் போடுகிற படிப்பு என்று தேடினால் நம் பக்கத்தில் அந்தப் பெயரில் படிப்பு கிடைப்பது அபூர்வம். அது வேறு பெயர்களுக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. என்ற நாலு வருடக் கவின்கலைப் பட்டத்தில் 'விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்' என்ற பிரிவுக்குள் இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் போனால் அதையே 'அப்ளைடு ஆர்ட்' என்பார்கள். என்.ஐ.டி. என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனம், ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் பி.டெஸ். என்ற டிசைன் பட்டத்துக்குள் 'கம்யூனிகேஷன் டிசைன்', 'அனிமேஷன்' என்று வரும். பெயர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, உள்ளே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பென்சில் பிடிக்க வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, நானே விழுந்து எழுந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன், நாம் எல்லாரும் விஸ்காம் என்று சொல்வது, அது வேறு படிப்பு. மேலே சொன்ன பி.எஃப்.ஏ. பிரிவோடு பெயர் மட்டும்தான் ஒட்டும். விஸ்காம் மூன்று வருடம், அதில் கேமரா, லைட்டிங், விளம்பரம், செய்தி எழுதுவது, ரேடியோ, குறும்படம் எல்லாம் வரும், டிராயிங் பெரும்பாலும் முதல் வருடத்தில் ஒரு பேப்பரோடு முடிந்துவிடும். மீடியாவுக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல படிப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் "விஷுவல்" என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தார், பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுத்துத்தான் ஃபீஸ் கட்டினார். இரண்டாவது செமஸ்டரில் டிராயிங் பேப்பர் முடிந்துபோனது. அதற்கப்புறம் அந்தக் கல்லூரியில் பென்சிலைத் தேடினால் ஆபீஸ் ரூமில்தான் கிடைக்கும். ஒரு வருடமும் அந்தப் பணமும் போனது, அடுத்த வருடம் நுழைவுத் தேர்வு எழுதி எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். சேரும்போது யாராவது ஒருவர் "பி.எஸ்சி.யா, பி.எஃப்.ஏ.வா, அதைக் கேளு" என்று சொல்லியிருந்தால் போதும், அந்த ஒரு வார்த்தை சொல்ல நம் ஊரில் அன்றைக்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாக வரைவது வேறு, படம் போடுவது வேறு. ஒரு பாட்டியை அழகாக ஒரு தாளில் வரைந்துவிடலாம். ஆனால் பதினாறு பக்கக் கதைப் புத்தகத்தில் அதே பாட்டி, அதே மூக்குத்தி, அதே கோணல் பல்லோடு உட்கார வேண்டும், படியேற வேண்டும், ஆட்டைத் துரத்த வேண்டும், அழ வேண்டும், பார்க்கிற ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இது அந்தப் பாட்டிதான் என்று தெரிய வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கிற இடம்தான் உங்களுக்கு வேண்டிய கல்லூரி. உடம்பை எல்லாக் கோணத்திலும் வரையப் பழகுவது, இடத்தை வரைவது, கதையைப் படித்து எந்த நொடியைப் படமாக்குவது என்று முடிவெடுப்பது, அச்சில் எப்படி வரும் என்று தெரிந்துகொள்வது, இதெல்லாம் அங்கே இருக்க வேண்டும்.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

நமக்குப் பக்கத்தில் இருப்பது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, எழும்பூர் என்று சொன்னாலே ஓவியர்களுக்குப் புரியும். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது, நாட்டிலேயே பழைய கலைப் பள்ளிகளில் ஒன்று. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அங்கே முதல்வராக இருந்தவர்கள். தமிழ்ப் பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் கோட்டோவியத்துக்கு ஒரு தனி மரியாதை வாங்கிக் கொடுத்த ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது எல்லாரும் அங்கே படித்தவர்கள்தான். இன்றைக்கு பெயிண்டிங், சிற்பம், பிரிண்ட் மேக்கிங், செராமிக், டெக்ஸ்டைல், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்று பிரிவுகள் இருக்கின்றன. கட்டணம் அரசு கல்லூரிக் கட்டணம், சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஏலகிரி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட் எடுத்து தினமும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் முதல் வருடம் அப்படித்தான் போனேன். விடிவதற்குள் ஏறி உட்கார்ந்து தூங்குகிற ஆபீஸ்காரர்களை வரைவேன், தூங்குகிறவர்கள் மாதிரி நல்ல மாடல் உலகத்தில் கிடையாது, அரக்கோணம் வரைக்கும் தலையைக்கூட அசைக்கமாட்டார்கள். ஆனால் நாலு வருடம் தினமும் போய் வருவது முடியாது, சப்மிஷன் நேரத்தில் ராத்திரி தங்கி வேலை செய்ய வேண்டியிருக்கும், இரண்டாம் வருடத்திலாவது சென்னையில் ஒரு இடம் பாருங்கள்.

எழும்பூரில் எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்தான் நேர் வழி, எழுத்துரு, லேஅவுட், அச்சு எல்லாம் அதில் வரும். ஆனால் அதில் இடம் கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டு வந்துவிடாதீர்கள். ஆதிமூலமே பெயிண்டிங் படித்தவர்தான். பிரிண்ட் மேக்கிங்கை யாரும் கவனிப்பதில்லை, என்னைக் கேட்டால் புத்தகத்துக்குப் படம் போட நினைக்கிற பிள்ளைக்கு அது ரொம்ப நல்ல பிரிவு. லினோவில் ஒரு கோட்டை வெட்டிவிட்டால் அழிக்க முடியாது, எச்சிங்கில் தகட்டில் கீறியது கீறியதுதான், அதனால் கோடு போடுவதற்கு முன்னால் யோசிக்கிற பழக்கம் கைக்கு வந்துவிடும்.

கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பத்திரிகை ஓவியர் கோபுலு அந்த ஊர் ஓவியப் பள்ளியில் படித்தவர். நம் ஊரிலிருந்து தூரம்தான், ஆனால் ஹாஸ்டலோ வாடகை அறையோ சென்னையைவிடக் குறைவில் முடியும், கோயிலும் தேரும் சுற்றிலும் இருப்பதால் வெளியே போய் வரைய இடத்துக்குப் பஞ்சமில்லை. இந்த இரண்டு கல்லூரியிலும் படித்தால் என்ன கிடைக்கும் என்று சந்தேகப்படுகிற அப்பாக்களிடம் நான் ஒன்று சொல்வேன்: தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், படம் வரைந்தவர்கள் வரிசையில் இந்தக் கல்லூரிகளின் மாணவர்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை தினமும் புத்தகப் பையில் தூக்கிக்கொண்டு போகிற படங்கள் அவை.

மாமல்லபுரத்தில் 1957இலிருந்து அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, மரபுச் சிற்பமும் மரபு ஓவியமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். கோயில் கலையில் உயிராக இருக்கிற பிள்ளைக்கு அது சரி, கதைப் புத்தகமும் காமிக்ஸும் போட நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லமாட்டேன். புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் உண்டு, ஆரணி, திண்டிவனம் வழியாகப் போனால் அரை நாள் பயணம். அங்கே புதுச்சேரிக்காரர்களுக்குத்தான் இடங்களில் முன்னுரிமை, வெளி மாநிலத்தாருக்கு எத்தனை இடம் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பெண் பிள்ளையை வெளியே அனுப்ப வீட்டில் தயங்கினால் சென்னை ஸ்டெல்லா மாரிஸில் விஷுவல் ஆர்ட்ஸ் பட்டம் இருக்கிறது, பெண்களுக்கு மட்டுமான கல்லூரி, கலை வரலாறும் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

மேற்கே பார்த்தால் பெங்களூரு. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். 1960இல் தொடங்கிய கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் பி.வி.ஏ. என்ற விஷுவல் ஆர்ட்ஸ் பட்டம், அதில் அப்ளைடு ஆர்ட், பெயிண்டிங், கிராபிக்ஸ் எல்லாம் உண்டு. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் அந்தக் கல்லூரி இருக்கிற குமாரகிருபா சாலை முழுக்க ஓவியர்கள் உட்கார்ந்துவிடுவார்கள், சித்ர சந்தை என்று பெயர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போதே ஒரு தடவை அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். படத்தை விலை கொடுத்து வாங்குகிற ஜனங்களை ஆயிரக்கணக்கில் ஒரே தெருவில் பார்த்தபிறகு வீட்டில் பேச்சு மாறுகிறது, நான் இரண்டு குடும்பத்தில் பார்த்திருக்கிறேன். பெங்களூரில் தனியார் டிசைன் கல்லூரிகளும் நிறைய, சிலவற்றில் சொல்லிக்கொடுப்பது அருமையாகவே இருக்கிறது, ஆனால் ஃபீஸ் லட்சங்களில்.

என்.ஐ.டி. 1961இல் அகமதாபாத்தில் தொடங்கியது, இப்போது ஆந்திராவிலும் ஒன்று இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களில் டிசைன் படிக்க யூசீட் என்ற தேர்வு, மும்பை ஐ.ஐ.டி. நடத்துகிறது, அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு முறைதான் எழுதலாம். இந்த இடங்களில் யோசிக்கிற விதத்தைத்தான் முதலில் சோதிப்பார்கள், வரைவது அதற்குப் பிறகு. நன்றாக வரைகிற நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கே தோற்பதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. காலண்டர்தான் காரணம். நம்மவர்கள் மே மாதம் ரிசல்ட் வந்தபிறகு கல்லூரி தேட ஆரம்பிக்கிறோம். என்.ஐ.டி., யூசீட், ஃபேஷன் படிப்புக்கான நிஃப்ட் மூன்றுக்கும் முதல் கட்டத் தேர்வு டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் நடந்து முடிந்துவிடும், விண்ணப்பம் அதற்கும் முன்னால் மூடிவிடும். அப்படியென்றால் பிளஸ் டூ காலாண்டுப் பரீட்சை நேரத்திலேயே இணையதளத்தைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். அரசு கவின்கலைக் கல்லூரிகள் ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பம் வாங்குகின்றன, அதையும் மே மாதம் முழுக்க வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருங்கள், அறிவிப்பு வந்த பிறகு நாள் குறைவாகத்தான் இருக்கும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கிற விஷயம். எந்தக் கல்லூரியாக இருந்தாலும், கடைசி வருட மாணவர்களின் வேலையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டடத்தை, ஏ.சி. லேபை, ஐமேக் வரிசையைக் காட்டுவார்கள். பணிவாகக் கேட்டுவிட்டு ஃபைனல் இயர் ஸ்டுடியோவுக்குப் போங்கள், டிஸ்பிளே நடக்கிற நாளாக இருந்தால் ரொம்ப நல்லது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குடியாத்தத்துப் பெண் ஒருத்தியோடு ஒரு தனியார் கல்லூரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். அவள் அப்பா லுங்கி நெசவு, தறியில் உட்காருகிறவர். சுவரெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த பெரிய பெரிய படங்கள், நிறமெல்லாம் கண்ணைப் பறித்தது, எனக்கே முதலில் பிடித்துத்தான் இருந்தது. அவள் மெதுவாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனாள், பாதிச் சுவர் போனதும் நின்று, "அண்ணா, இங்க யாருமே கை வரையலையே" என்றாள். திரும்பிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒரு இளவரசி கையைப் பின்னால் கட்டியிருந்தாள், ஒரு வீரனின் கை போர்வைக்குள் இருந்தது, ஒரு பையன் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டிருந்தான், ஒரு பாட்டியின் கையைப் புகை மறைத்திருந்தது. இருபத்தைந்து படத்தில் விரல் தெரிகிற படம் மூன்று, அந்த மூன்றிலும் விரல்கள் வெண்டைக்காய் மாதிரி இருந்தன. மூன்று வருடம் ஆளை உட்காரவைத்து வரைந்த மாணவர்கள் கையை இப்படி ஒளிக்கமாட்டார்கள். அவளுடைய நோட்டில் நாற்பது பக்கத்துக்கு அவள் அப்பாவின் கைதான் இருந்தது, நாடாவைத் தள்ளுகிற கை, அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற கை, டீ டம்ளரைப் பிடித்திருக்கிற கை. அந்தக் கண் இருந்ததால் அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அங்கே சேரவில்லை.

அதனால் சுவரைப் பார்க்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், கையையும் காலையும் பாருங்கள். ஆள் தரையில் நிற்கிறானா மிதக்கிறானா என்று பாருங்கள். ஒரே ஆள் நாலு படத்தில் வந்தால் அதே ஆளாக இருக்கிறானா? கூட்டம் வரைந்திருக்கிறார்களா, இல்லை எல்லாப் படத்திலும் ஒரே ஒரு ஆள் நடுவில் நிற்கிறாரா? பின்னால் தெருவும் மரமும் வீடும் இருக்கிறதா, வெறும் மேகம்தானா? எல்லா மாணவர்களின் வேலையும் ஒரே கை வரைந்த மாதிரி இருந்தால் அங்கே ஒரு சாரின் பாணியை எல்லாரும் காப்பி அடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாமல், சிலது சொதப்பலாகக்கூட இருந்தால், அந்த இடத்தில் பிள்ளைகளை அவரவர் வழியில் விடுகிறார்கள், அது நல்ல அடையாளம்.

அப்புறம் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள், கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சொல்வார்கள். லைஃப் ஸ்டடி, அதாவது ஆளை உட்காரவைத்து வரைவது, எந்த வருடம் வரைக்கும் இருக்கிறது, வாரத்துக்கு எத்தனை நாள் மாடல் வருகிறார், அவுட்டோர் எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போனார்கள், கதையைக் கொடுத்து ஒரு முழுப் புத்தகம் செய்யச் சொன்னார்களா, லைப்ரரியில் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்களா இல்லை பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா. கற்பிக்கிறவர் இன்னும் வரைகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். வரைவதை நிறுத்திவிட்டவரிடம் வருகைப்பதிவு மட்டும்தான் கிடைக்கும். போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை அலுவலகத்தில் கேட்காதீர்கள், மாணவர்களிடமே கேளுங்கள், நாலு பேர் பெயரைச் சொல்லி இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் காட்டுவார்கள்.

பட்டம் யார் பெயரில் வருகிறது என்பது இன்னொரு கேள்வி. மாடியில் இரண்டு அறை வைத்து அனிமேஷன், டிசைன் என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள ஆறு மாதம் போகலாம், தப்பில்லை. ஆனால் "டிகிரியும் உண்டு" என்று சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம், நேரடிப் படிப்பா அஞ்சல்வழியா, யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் ஓவிய ஆசிரியர் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

நுழைவுத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் என்ன வரைந்து எடுத்துக்கொண்டு போவது? நம் பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் ஃபோனில் ஒரு நடிகர் படத்தை வைத்துக் கட்டம் போட்டு, பத்து நாள் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து வரைந்த பென்சில் முகம். பொறுமைக்கு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் அப்படிப் படங்களை அன்றைக்கு மட்டும் ஐம்பது பார்த்திருப்பார், அதில் உங்கள் கண் என்ன பார்த்தது என்பது எங்கேயும் இருக்காது, கேமரா பார்த்ததுதான் இருக்கும். அதில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் போதும். மற்றதெல்லாம் நேரில் பார்த்து வரைந்ததாக இருக்கட்டும்.

வேலூரில் இருந்துகொண்டு வரைய எதுவும் இல்லை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு தூண் முன்னால் உட்காருங்கள், பாயும் குதிரையும் யாளியும் அதன் காலடியில் நெருங்கி நிற்கிற ஆட்களும், ஒரு தூணுக்கே ஒரு வாரம் வேண்டும். கல்லில் அவ்வளவு வேகத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தால்தான் புரியும். நேதாஜி மார்க்கெட்டில் காலையில் மூட்டை இறக்குகிறவர்களின் முதுகைப் பாருங்கள், பாரம் ஏறினால் உடம்பு எங்கே வளைகிறது என்று எந்த அனாட்டமி புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை. கரிகிரியில் சக்கரத்தில் பானை வனைகிறவர்கள். கிராமத்தில் கூத்து நடந்தால் விடிய விடிய ஒரு நோட்டோடு உட்காருங்கள், கிரீடமும் புஜக்கட்டையும் போட்ட ஆள் சுற்றி ஆடும்போது நாலு கோட்டில் பிடித்துவிட்டால் எந்தத் தேர்வையும் எழுதிவிடலாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரி வெளியே காத்திருக்கிற ஜனங்களையும் நான் வரைந்திருக்கிறேன், ஆனால் அங்கே கவலையோடு இருப்பார்கள், முகம் தெரியாமல் தூரத்திலிருந்து, மரியாதையோடு செய்யுங்கள், யாராவது முகம் சுளித்தால் நோட்டை மூடிவிடுங்கள்.

பழைய காலத்து வேலையும் நம் பக்கத்தில் இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டு அருகே அர்மாமலைக் குகையில் சுமார் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களின் மிச்சம் உண்டு, சிதைந்துதான் இருக்கிறது. இருந்தாலும் போய் நின்று பாருங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் மண்ணில் ஒருவர் பாறைக்கு வர்ணம் பூசித் தாமரையும் உருவமும் வரைந்திருக்கிறார்.

தேர்வில் பொதுவாக இரண்டு விஷயம் பார்ப்பார்கள், எதிரே வைத்ததை வரைவது, ஒரு தலைப்பைக் கொடுத்தால் மனசிலிருந்து வரைவது. முதலாவதற்கு வீட்டிலேயே பயிற்சி செய்யலாம்: ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு செங்கல், கசக்கிப் போட்ட துண்டு, ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், இரண்டு மணி நேரம், அலாரம் அடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். துண்டின் மடிப்பு ஒழுங்காக வந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும். இரண்டாவதற்கு, "மழை நாளில் பஸ் ஸ்டாண்ட்" மாதிரி ஒரு தலைப்பை எடுத்து, முதலில் தீப்பெட்டி அளவில் ஆறு சின்னப் படம் போட்டுப் பாருங்கள், முதலில் தோன்றியதை விட்டுவிட்டு நாலாவதையோ ஐந்தாவதையோ பெரிதாக்குங்கள். முதலில் தோன்றுவது எல்லாருக்கும் தோன்றும். அந்தச் சின்னப் படங்களையும் கிழித்துப் போடாமல் போர்ட்ஃபோலியோவில், அதாவது நேர்காணலுக்குக் கொண்டுபோகிற படத் தொகுப்பில், வையுங்கள், யோசித்த பாதையைப் பார்க்கத் தேர்வாளர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளியில் டிராயிங் மாஸ்டர் இருந்தால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், பள்ளிக் கலைத் திருவிழாவில் வாங்கிய சான்றிதழ் இருந்தால் ஃபைலில் சேருங்கள்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். அரசு கல்லூரியில் ஃபீஸ் குறைவு, ஆனால் சாமானுக்குச் செலவு உண்டு: கார்ட்ரிட்ஜ் தாள், போஸ்டர் கலர், பிரஷ், இங்க். மலிவு பிரஷ் இரண்டு மாதத்தில் முடி கொட்டிவிடும், நல்லதாக மூன்று அளவில் வாங்கிக் கழுவி வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் வரும். ஐபேட் கேட்டு வீட்டில் சண்டை போட வேண்டாம், சாதாரண பென் டேப்லெட் போதும், அதுவும் இரண்டாம் வருடம் வாங்கினால் போதும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களைப் பற்றிக் கல்லூரியில் சேர்ந்ததும் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள், கலர் வாங்குகிற செலவுக்கு அது பெரிய கை. தனியார் கல்லூரிக்கு வீட்டை அடமானம் வைக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். படம் போடுகிறவர்களுக்கு முதல் மூன்று நாலு வருடம் வருமானம் ஏறி இறங்கித்தான் இருக்கும், அந்த நேரத்தில் மாதாமாதம் பெரிய தவணை கட்ட வேண்டியிருந்தால் பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாது, வருகிற எந்த லோகோ வேலையையும் செய்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

சோறு கிடைக்குமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்கும். சென்னையில் துலிகா, தாரா மாதிரிக் குழந்தைகள் புத்தகப் பதிப்பகங்கள், பெங்களூரில் பிரதம் புக்ஸ், பாடநூல், பத்திரிகை, விளம்பரம், சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு, கேம் கம்பெனிகள் என்று வேலை இருக்கிறது. இப்போது எல்லாரும் ஏ.ஐ. வந்துவிட்டதே என்று கேட்கிறார்கள். அலங்காரத்துக்குப் போடுகிற படங்களின் வேலை குறையத்தான் செய்கிறது, நானே பார்க்கிறேன். ஆனால் போன மாதம் ஒரு பதிப்பகம் என்னிடம் கேட்டது பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிற ஒரு பெண்ணின் கதைக்குப் படம். எந்தப் பக்கம் குடத்தைச் சாய்ப்பாள், ஊற்றில் கொட்டாங்குச்சியால் எப்படி மொள்வாள் என்பது என் பாட்டி செய்து நான் பார்த்தது. சாஃப்ட்வேரை மட்டும் சொல்லிக் கொடுத்து இதைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்காத கல்லூரியைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வருடம் எங்கேயும் இடம் கிடைக்கவில்லை என்றால்? ஒரு வருடம் காத்திருந்து மறுபடி எழுதுவதில் தப்பில்லை, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊரீசிலோ முத்துரங்கம் கல்லூரியிலோ தமிழோ வரலாறோ சேர்ந்து படித்துக்கொண்டே தினமும் வரையுங்கள். கதை படிக்கத் தெரிந்த ஓவியருக்கு எப்போதும் வேலை இருக்கிறது, இலக்கியம் படித்த வருடங்கள் வீணாகாது. பட்டம் வாங்கிய பிறகு எம்.எஃப்.ஏ., எம்.டெஸ். பக்கம் வர வழி உண்டா என்று அந்தந்தக் கல்லூரியின் தகுதி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நேர்காணலுக்குப் போகும்போது படங்களைச் சுருட்டிக்கொண்டு போகாதீர்கள். மேஜையில் விரித்தால் தாள் தானாகச் சுருண்டுகொள்ளும், பார்க்கிறவர் ஒரு கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் பக்கம் திருப்ப வேண்டும், மூன்றாவது படத்தில் அவருக்கு அலுத்துவிடும். லாங்கு பஜாரில் ஏதாவது துணிக்கடையில் கேட்டால் பெரிய அட்டைப்பெட்டி சும்மாவே கொடுப்பார்கள். அதில் தாளைவிட இரண்டு விரல் பெரிதாக இரண்டு பலகை வெட்டி, ஒரு பக்கம் துணி ஒட்டி, மற்ற மூன்று பக்கமும் நாடா கட்டுங்கள். பதினைந்து படம் போதும், மிக நல்லது முதலில், அதற்கடுத்த நல்லது கடைசியில். மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், ஜூன் மாதம் சாயங்காலம் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.